8 ரூபாய்க்குப் பிளேன்ரீ: ஒருங்கமை சமன்பாட்டில் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருங்கமை சமன்பாடு என்றால், தெரியாத இரண்டு எண்களைக் காணத் தரும் ஒரு சோடிச் சமன்பாடு. அந்த இரண்டில் ஒன்றை நீக்கித் தீர்க்கும் முறை தெரியாத பிள்ளை அநேகமாக இல்லை. ஆனாலும் விடை பிழைக்கும்.

காலி வீதிக் கடையொன்றில் 2 பற்றிஸும் 1 பிளேன்ரீயும் 220 ரூபாய் என்று வையுங்கள். 1 பற்றிஸும் 3 பிளேன்ரீயும் 260. பற்றிஸை நீக்க, இரண்டாவதை 2ஆல் பெருக்க வேண்டும். இடப்பக்கத்தை ஒழுங்காகப் பெருக்கி 2 பற்றிஸ், 6 பிளேன்ரீ என்று எழுதுவார்கள். வலப்பக்கத்து 260 அப்படியே கிடக்கும். கழித்தால் 5 பிளேன்ரீ 40 ரூபாய், ஒன்று 8 ரூபாய்! கொழும்பில் எந்தக் கடை என்று சொன்னால் நானும் வருவேன். இரண்டு மடங்கு சாப்பிட்டால் பில்லும் இரண்டு மடங்கு: 520. அப்போது பிளேன்ரீ 60, பற்றிஸ் 80.

இதைவிடப் பொல்லாதது சயக் குறி, அதாவது கழித்தல் குறி (−). எக்ஸ், வைக்குப் பதிலாக க, ச என்று வைப்போம்.

3க + 2ச = 12
3க − 4ச = −6

கழிக்கச் சொன்னால் 2ச − 4ச = −2ச, 12 − 6 = 6 என்று போய் ச = −3, க = 6 என்று முடிப்பார்கள். "சரிபார்த்தேன் சேர், சரியா வருது" என்றும் சொல்வார்கள். எதில் பார்த்தாய் என்றால், முதலாவதில். 18 − 6 = 12, வரத்தானே செய்யும்! ச-ஐப் பிரதியிட்டு க-ஐக் கண்டதே அதில்தான். மற்றதில் போட்டால் 18 + 12 = 30; வரவேண்டியதோ −6. சரிபார்ப்பதென்றால் எப்போதும் மற்றச் சமன்பாட்டில் பாருங்கள்.

நான் சொல்லும் வழி: கழிக்கவே வேண்டாம். இரண்டாவது வரியின் ஒவ்வொரு குறியையும் சிவப்புப் பேனையால் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டுங்கள்.

−3க + 4ச = 6

இப்போது 6ச = 18, ச = 3, க = 2. பழைய சீனக் கணிதர்கள் இதே நீக்கல் முறையை எண்ணு குச்சிகளால் செய்தபோது நேர் எண்ணுக்குச் சிவப்பும் மறை எண்ணுக்குக் கறுப்பும் வைத்தார்கள். குறி அவர்களையும் படுத்தியிருக்கும் போல.

இன்னொன்று: 2க = 7 − 5ச என்று தந்திருந்தால், முதலில் 2க + 5ச = 7 என்று ஒழுங்குபடுத்துங்கள். ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்காவிட்டால் க-விலிருந்து ச-வைக் கழிக்கும் அதிசயம்கூட நடக்கும். ச-ஐக் கண்டதும் பேனையை மூடிவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. க அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும்.