படமும் ஒலியும் சேர்த்துக் காட்டி உடலை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படமும் ஒலியும் காட்டி, ஆட்களின் உடல் அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்று அளக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஒருகாலத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். மின்முனை கழன்றது, கோப்பைச் சேமிக்க மறந்தது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அவற்றை விடுங்கள். இங்கே சொல்வது, தெரியாமலே தரவைக் கெடுக்கும் தவறுகளை.

கணினி காட்டும் நேரத்தை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நிரலில் படத்துக்கும் ஒலிக்கும் ஒரே நேரத்தைக் குறித்துவிட்டால் இரண்டும் ஒன்றாக வந்துசேரும் என்று நினைக்கிறார்கள். வராது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 17 மில்லிசெகண்ட் எடுக்கும், சவுண்ட் கார்டுக்குத் தனித் தாமதம் உண்டு, ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் இன்னும் 3 மில்லிசெகண்ட். புளூடூத் ஹெட்போன் என்றால் 100, 200 என்று போய்விடும்.

ஒரு மாணவி அப்படிப்பட்ட ஹெட்போனை வைத்து மாதக்கணக்கில் ஆட்களைச் சோதித்துவிட்டு, படமும் ஒலியும் சேர்ந்து வந்தாலும் யாரும் வேகமாகப் பொத்தானை அழுத்தவில்லை என்று முடிவு எழுதிக்கொண்டு வந்தார். திரையின் மூலையில் ஒளி உணரியையும் ஹெட்போனுக்குள் மைக்கையும் வைத்து ஆஸிலோஸ்கோப்பில் (மின் அலைகளை நேரத்தோடு வரைந்து காட்டும் கருவி) பார்த்தோம். ஒலி தாமதமாக வந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். தாமதம் ஒரே அளவில் இருந்திருந்தால் கழித்துக்கொள்ளலாம், தாறுமாறாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் சேர்வதால் கிடைக்கும் வேகமே சில பத்து மில்லிசெகண்டுகள்தான், அது அந்தக் குழப்பத்தில் காணாமல் போய்விட்டது. தரவு முழுவதும் வீண்.

"நான் பார்த்தேனே, சரியாகத்தான் இருந்தது" என்றார். அது சான்றே இல்லை. ஒலி படத்தை முந்தினால் நமக்கு 45 மில்லிசெகண்டிலேயே உறுத்தும், பிந்தினால் ஏறக்குறைய 125 வரை தெரியாது என்பது ஒளிபரப்புத் துறையில் புழங்கும் கணக்கு. மூளை இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. அதனால் கருவியை வைத்துத்தான் அளக்க வேண்டும், முதல் ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே.

சேர்த்து மட்டும் காட்டுவது

படம் மட்டும், ஒலி மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்றும் வேண்டும். சேர்த்துக் காட்டும்போது ஆட்கள் வேகமாக அழுத்தினாலும், மூளை இரண்டையும் இணைத்தது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். இரண்டு பேர் ஓடினால் யாராவது ஒருவர் சீக்கிரம் வந்துவிடுவார், அதற்கு அவர்கள் கைகோக்கத் தேவையில்லை. அதுபோலப் படம், ஒலி இரண்டில் எது முந்துகிறதோ அதனாலேயே வேகம் கிடைத்திருக்கலாம். இதைச் சோதிக்க உளவியலாளர் ஜெஃப் மில்லர் 1982-இல் ஒரு சமனிலி (வெறும் போட்டியால் எவ்வளவு வேகம்தான் கிடைக்க முடியும் என்று எல்லை சொல்லும் கணக்கு) தந்தார், அதைப் போட்டுப் பாருங்கள்.

கண்மணி விரிந்தால் உணர்ச்சி என்பது

படத்தின் வெளிச்சம் மாறினாலே கண்மணி சுருங்கும், விரியும். அதனால் முதலில் படங்களின் வெளிச்சத்தைச் சமன்செய்யுங்கள்.

அடுத்தடுத்துக் காட்டுவது

தோலின் மின்கடத்தல் (வியர்வையால் மாறுவது) படமோ ஒலியோ வந்து 1 முதல் 3 வினாடி கழித்துத்தான் எழத் தொடங்கும், இறங்க இன்னும் சில வினாடிகள் ஆகும். இரண்டு வினாடிக்கு ஒரு படம் போட்டால் எந்த அலை எதற்கு என்று யாராலும் பிரிக்க முடியாது. அப்புறம், மிதமான புதுத் தூண்டலுக்கு இதயத்துடிப்பு முதலில் குறையும். கருவிக் கோளாறு என்று அந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள்.