கிட் காருக்கு (பார்ட்ஸா வாங்கி நாமளே பூட்டுற கார்) காயில்ஓவர் மாட்டுறவங்க கவனிக்க வேண்டியது

காயில்ஓவர்ன்னா ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒண்ணா சேர்ந்தது, அதுல இருக்கிற காலரைத் திருப்பினா கார் உயரம் மாறும். மாட்டுறதுக்கு முன்னாடியே த்ரெட்ல ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காம இருக்கத் தடவுற பசை) தடவிடுங்க, பினாங்கு உப்புக்காத்துல அலுமினியம் காலர் இறுகிடும், என்னோடது கல்லு மாதிரி பிடிச்சுக்கிட்டு காலரைத் திருப்புற சி-ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோலெல்லாம் உரிஞ்சுருச்சு.

சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் போல்ட்டை கார் ஜாக்ல தொங்கும்போது முழுசா டைட் பண்ணாதீங்க, டயர் தரையில நின்னப்புறம்தான் பண்ணணும், இல்லன்னா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வச்ச நட்) புதுசுதான் போடணும்.

லோட்டஸ் செவன் மாதிரி கார் ரொம்ப லேசு, ஆள் ஏறி உக்காந்தாலே உயரம் மாறிடும், அதனால ஓட்டுறவர் சீட்ல இருக்கும்போதுதான் அளக்கணும். காலரைத் திருப்பினதும் காரை முன்னபின்ன உருட்டிட்டு அளங்க. இதுதான் முக்கியம்: ஒரு மூலையை ஏத்தினா அங்கயும் குறுக்கே எதிர் மூலையிலயும் எடை கூடும், மத்த ரெண்டுலயும் குறையும், அதனால அரைச்சுத்து அரைச்சுத்தா பொறுமையா போங்க. ரொம்ப இறக்காதீங்க, தாமான் (குடியிருப்புப் பகுதி) போங்கோல்ல, அதாவது வேகத்தடையில, அடி வாங்கும்.

உயரம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பண்ணுங்க. டேம்பர் திருகை முழு சாஃப்ட்ல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு கிளிக்கா ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் பினாங்கு துன் சார்டோன் மலை ரோட்டு வளைவுல நிதானமா ஓட்டிப் பாத்து எழுதி வைங்க.