புது லேஅவுட்டில் வீடு கட்டும் முன் மண் பரிசோதனை செய்வது எப்படி?

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கும்போது மண்ணை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அந்த அனுமதி சாலை அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், மனை அளவு போன்றவற்றைப் பார்த்துக் கொடுப்பது. உங்கள் மனையின் மண் எவ்வளவு எடை தாங்கும் என்பது அதில் இருக்காது. எங்கள் வீட்டுக்குச் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் இடத்தின் பூர்வீகம். லேஅவுட் போடுவதற்கு முந்தைய அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) நன்செய் என்று இருந்தால், மேலே கிடப்பது பெரும்பாலும் கொட்டி நிரவிய மண்தான். குட்டையோ கிணறோ மூடியிருக்கிறார்களா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

2. போர், அதாவது மண்ணைப் பார்க்கப் போடும் துளை, எத்தனை? சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒன்று போதும் என்கிறது ஐஎஸ் 1892 என்ற இந்தியத் தர விதி. மண் கொட்டிய இடமென்றால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடச் சொல்வேன். பக்கத்து மனைக்காரர் ரிப்போர்ட்டை வாங்கி ஒப்பேற்றுவது வேண்டவே வேண்டாம்.

3. எஸ்பிடி சோதனை. துளைக்குள் ராடின் நுனியில் மாட்டிய குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, மண் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது இது. பலரும் தடுமாறும் இடமும் இதுதான். அன்று நீங்கள் அங்கே நில்லுங்கள். ராடில் 15 செ.மீ. இடைவெளியில் சாக்பீஸால் மூன்று பகுதி குறிப்பார்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும். ஒவ்வொரு பகுதியும் இறங்கச் சுத்தியல் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ண வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. 4, 6, 8 என்று வந்தால் 'என்' (N) மதிப்பு, அதாவது கடைசி இரண்டு பகுதிகளின் கூட்டு, 14; 18 அல்ல.

எண் பெரிதாக வந்துவிட்டதே என்று உடனே நிம்மதி அடையாதீர்கள். கொட்டிய மண்ணில் ஒரு கருங்கல் துண்டு குழாய்க்கு அடியில் மாட்டினாலும் எண் எகிறும். குழாயைப் பிரித்ததும் உள்ளே வந்த மண்ணைப் பாருங்கள். செங்கல் தூள், பாலித்தீன் கிழிசல் தென்பட்டால் இன்னும் அசல் தரை வரவில்லை. அது எத்தனை மீட்டரில் தொடங்குகிறது என்று போர் லாகில் (எந்த ஆழத்தில் என்ன மண் என்ற பதிவு) எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 1.5 மீட்டர் ஆழத்துக்குத் தாங்குதிறன் கொடுத்து, கொட்டிய மண் 2 மீட்டர் இருந்தால், அந்த எண்ணை நம்பி அஸ்திவாரம் போட முடியாது.

4. களிமண்ணோ கரிசலோ வந்தால் ஈரத்தில் மண் எவ்வளவு வீங்கும் என்று காட்டும் உப்பல் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சலித்த மண் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் ஊறும். ஊறிய மண்ணின் அளவு மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 15 மி.லி. நின்றால் உப்பல் 50 சதவீதம். அதற்கு மேல் போனால் அண்டர்-ரீம்டு பைல் (அடிப்பக்கம் குமிழ் போல் அகன்ற, ஆழமான தூண் அஸ்திவாரம்) தேவையா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கேட்டே ஆக வேண்டும். மேஸ்திரி சொல்லும் ஆழம் இங்கே உதவாது.

5. நிலத்தடி நீர்மட்டத்தோடு அளந்த தேதியும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். மே மாத அளவு ஐப்பசி மழைக்குப் பொருந்தாது.

பின்சேர்க்கை: வேளாண்மைத் துறையில் எடுத்த மண்வள அட்டை போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அது தழைச்சத்து, மணிச்சத்து பார்த்து உரம் போடுவதற்கானது. மனைக்கு, கட்டுமான மண் பரிசோதனை செய்யும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.