மீட்டர் நன்றாகத்தான் காட்டியது: பாய்மரப் படகில் ஹாம் ரேடியோ வைப்பவர்களுக்கு

போன மாதம் பினாங்கில், தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஒரு தம்பியின் படகில் ஏறினேன். பழைய 28 அடி ஃபைபர்கிளாஸ் படகு. நண்பரோடு சேர்ந்து வாங்கி, சனி ஞாயிறுகளில் சீர்செய்துகொண்டிருக்கிறார். ஹாம் ரேடியோவின் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) பாய்மர உச்சி ஆண்டெனாவுக்கென்று ஒரு சுருள் கேபிள் தளத்தில் கிடந்தது. முனையை வெட்டி உரித்துப் பார்த்தேன். வெறும் செம்பு. 12 வருஷத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து.

ஃபியூஸ் போடு, பேட்டரியை மாற்றிக் கட்டாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் செம்புக் கேபிளும், அதற்கு நற்சான்று தரும் மீட்டரும்

அந்தக் காலத்தில் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசியது எதற்கு? புளி பட்டால் களிம்பு ஏறிவிடும் என்றுதானே. கடல்காற்றில் செம்புக்கும் அதே கதிதான். படகுக்கென்று விற்கும் கேபிளில் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். விலை கூடத்தான். நான் சாதாரணக் கேபிளை வாங்கி 140 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடித்தேன். உச்சியில் இருந்த கனெக்டரைக் கறுப்பு பிவிசி டேப்பால் சுற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டேன்.

நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். மழைத்தண்ணீர் கனெக்டர் வழியே புகுந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, கேபிளின் உள்பின்னலில் ஊறிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எட்டு மாதம் கழித்து, ஜெரெஜாக் தீவுக்குப் பின்னால் இருந்து புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டேன். 25 வாட். பதில் இல்லை. கைப்பேசியில் பிடித்தால், "அண்ணே, வெறும் இரைச்சல்தான் கேக்குது" என்றார். 5 வாட் கைரேடியோவை எடுத்துத் தளத்தில் நின்றபடியே பேசினேன். "இப்ப தெளிவா இருக்கு. அந்தப் பெரிய பெட்டிய வித்துடுங்க!"

ஆண்டெனாவும் கேபிளும் பொருந்துகின்றனவா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரோ (1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) 1.2 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆண்டெனா, கேபிள் பக்கமே நான் சந்தேகப்படவில்லை. ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுத்து, குறை ஒன்றுமில்லை என்ற பதிலுக்கு 300 வெள்ளி அழுதேன். கடைசியில் கிரேன் வைத்துப் பாய்மரத்தை இறக்க வேண்டியதாயிற்று. அந்த வாடகையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

கேபிளை உச்சி முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். பின்னல் கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. 11 மீட்டர் வெட்டிய பிறகுதான் செம்பு நிறமே கண்ணில் பட்டது.

மீட்டர் ஏன் ஏமாற்றியது? ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைத்தான் அது அளக்கிறது. கெட்ட கேபிள் போகிற சக்தியையும் தின்னும், திரும்பி வருவதையும் தின்னும். திரும்பி வருவது குறைந்தால், எல்லாம் பொருத்தமாக இருக்கிறது என்றுதான் மீட்டருக்குத் தோன்றும். கேபிள் மோசமாக மோசமாக எண் அழகாகிக்கொண்டே போகும்! இந்த 1.2-ஐப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பாத புதியவரே இல்லை.

சோதிப்பது எளிது. பாய்மரத்தை நிமிர்த்துவதற்கு முன், மேல்முனையில் எதையும் மாட்டாமல் கீழ்முனையை அனலைசரில் (ஆண்டெனாவைச் சோதிக்கும் கருவி) மாட்டுங்கள். மேலே ஒன்றும் இல்லாததால் சக்தி திரும்பி வந்தாக வேண்டும்; நல்ல கேபிளில் எஸ்டபிள்யூஆர் 4, 5 என்று எகிற வேண்டும். 2-க்குக் கீழே இருந்தால் தூக்கி எறியுங்கள்.

ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிள் புதிதாக இருந்தாலும் வேண்டாம். 144 மெகாஹெர்ட்ஸில், 18 மீட்டர் ஓட்டத்தில், 25 வாட்டில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 என்றால் மூன்றில் இரண்டு பங்கு மேலே போய்ச் சேரும்.

கனெக்டருக்குத் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். நன்றாக இழுத்து, ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலே சுற்றுங்கள். அப்புறம் வெயிலுக்கு மறைப்பாக அதன்மேல் பிவிசி டேப்.

எச்எஃப்புக்கு எர்த்

தொலைதூரம் பேசும் எச்எஃப் அலைவரிசைகளுக்கு, பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பியை ஆண்டெனாவாக்கி, ட்யூனரிலிருந்து (ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) அகலமான செம்புத் தகட்டைத் தண்ணீருக்குள் இருக்கும் வெண்கலப் பொருத்து வரை கொண்டுபோவது வழக்கம். நல்ல முறைதான். ஆனால் அதே தகடு பேட்டரியின் நெகட்டிவையும் கடலோடு சேர்த்துவிடுகிறது. மற்ற உலோகம் அரிக்காமலிருக்க மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் சீக்கிரம் கரையும். அவை கரைந்ததும் அடுத்த பலி வெண்கலம்தான். தகட்டை ஓரிடத்தில் வெட்டி, இடைவெளியில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர்கள் சிலவற்றை இணையாகப் பற்றவையுங்கள். ரேடியோ அலை தாண்டும், பேட்டரியின் நேர்மின்சாரம் (டிசி) தாண்டாது.

தளத்தில் துளை

பல பழைய படகுகளின் தளத்துக்குள் பால்சா மரம் இருக்கும். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் திருகுக்குத் துளையுங்கள். நேரே துளைத்தால் மரம் ஊறிய ரொட்டிதான்.

சிலிக்கோன்

கசிவை அடைக்க அது வேண்டாம். அது பட்ட இடத்தில் அப்புறம் வேறெதுவும் ஒட்டாது.

ஹாம் இருக்கிறதே என்று மரைன் விஎச்எஃப்பை விடுவது

ஆபத்தில் கூப்பிட, கப்பல் படகுகளுக்கென்றே உள்ள மரைன் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்கள் காது வைத்திருப்பது அங்கேதான்.

உரிமம்

முதலில் ஹாம் உரிமத்துக்கான தேர்வு. மைக் அப்புறம்.

தம்பி அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனாராம். முனை வெட்டியிருப்பதால் கடைக்காரர் வாங்கவில்லை. வெட்டியது நான்தான். இப்போது அவர் வீட்டு மாடியில் அது துணிக்கொடி.