நகரத்தில் கூடு கட்டிய பருந்தைப் படமெடுப்பது எப்படி?

முதல் சில நாட்களுக்குக் கேமரா வேண்டாம். ஒரு 8×42 பைனாகுலரும் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, முன் லென்ஸ் 42 மி.மீ.) குறிப்பேடும் போதும். பருந்தின் பழக்கம் பிடிபடாமல் எடுத்தால், கிடைப்பதெல்லாம் குச்சிக் குவியலின் மேல் எட்டிப் பார்க்கும் ஒரு தலைதான்.

கூட்டைக் கண்டுபிடிக்க: உயர்ந்த மரங்களின் கவடுகள், கட்டட விளிம்புகள், விளக்குக் கம்பங்கள், செல்போன் கோபுரங்கள் என்று வரிசையாகப் பாருங்கள். குச்சியைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பருந்து தென்பட்டால், அது போகும் திசையிலேயே கண்ணை வைத்திருங்கள். காக்கைகள் ஒரே இடத்தைச் சுற்றிக் கத்தினாலும் கவனியுங்கள்.

எந்தக் கட்டம் என்று அறிய: பறவை மணிக்கணக்கில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் அடைகாக்கிறது. வட அமெரிக்காவின் செவ்வால் பருந்துக்கு இது 28 முதல் 35 நாள். பொரித்தபின் குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம் போல ஆகும். வளரும் குஞ்சுகள் விளிம்புக்கு வெளியே எச்சமிடுவதால், கூட்டுக்குக் கீழே வெள்ளைத் தெறிப்பு கூடிக்கொண்டே வரும்.

எங்கே நிற்பது: நேர் கீழே நிற்காதீர்கள். பின்னால் போகப் போகக் கோணமும் நன்றாகும், பறவைக்கும் தொந்தரவு குறையும். உங்களையே உற்றுப் பார்த்துக் கத்தினாலோ, முட்டையை விட்டு எழுந்தாலோ, இரையோடு வந்தது கூட்டுக்குப் போகத் தயங்கினாலோ உடனே விலகிவிடுங்கள். தாய் எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும். ட்ரோன், ஃப்ளாஷ், பதிவு செய்த பறவைக் குரல் எதுவும் கூடாது. அப்புறம், நகரத்தில் இன்னொரு சிக்கல்: உங்கள் லென்ஸ் பருந்தைப் பார்க்கிறது, எதிர்வீட்டுக்காரருக்கோ அவர் ஜன்னலைப் பார்ப்பது போலத் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படமெடுக்க: 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், தொடர் ஃபோகஸ் (நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்), பறப்பதை எடுக்க 1/2000 நொடி ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. வெளிறிய வானம் பின்னணியாக இருந்தால் பறவை கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள்.

சரி, எப்போது அழுத்துவது? என்னைக் கேட்டால் கூட்டை விட, அதற்கு எதிரே பருந்து வழக்கமாக வந்து உட்காரும் இடம்தான் முக்கியம். பல சமயம் ஆண் இரையோடு அங்கே வந்து குரல் கொடுக்கும்; பெண் கூட்டிலிருந்து பறந்து போய் வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும் பருந்து முன்னே சாய்ந்து, வாலைத் தூக்கி எச்சமிட்டால் விரலைத் தயாராக வையுங்கள். அடுத்து அது கிளம்பும் வாய்ப்பு அதிகம்.

பறக்கப் பழகும் குஞ்சு சில சமயம் தரையில் இறங்கிவிடும். தூக்காதீர்கள், தாய் தகப்பன் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ மட்டும் வனவிலங்கு மீட்பாளர்களை அழையுங்கள்.

படத்தைப் பகிர்வதற்கு முன் அதில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். குஞ்சுகள் பறந்து போகும்வரை தெருப் பெயரைக் கூடச் சொல்ல வேண்டாம்.