வட்டம் ஏன் முட்டையாகுது? வைட்ஸ்கிரீன் எக்ஸ்போர்ட்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடிட் பண்ணும்போது டைம்லைன்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும், எக்ஸ்போர்ட் முடிஞ்சு ஃபைலைத் திறந்து பார்த்தா மூஞ்சி எல்லாம் பக்கவாட்டுல உப்பிப் போயிருக்கும், இல்லன்னா நாலு பக்கமும் கறுப்புப் பட்டை கட்டி நடுவுல தபால்தலை மாதிரி படம் நிக்கும். உடனே கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற முறை) சரியில்ல, சாஃப்ட்வேர்ல பக் இருக்குன்னு தேட ஆரம்பிச்சிடுவோம். பெரும்பாலும் கோளாறு அங்க இருக்காது. ஃப்ரேம் சைஸ் வேற, ஆஸ்பெக்ட் ரேஷியோ வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறதுலதான் இது எல்லாமே ஆரம்பிக்குது.

ஃப்ரேம் சைஸ்னா குறுக்க எத்தனை பிக்சல், நெடுக்க எத்தனை பிக்சல்ங்கிற எண்ணிக்கை. ஆஸ்பெக்ட் ரேஷியோன்னா திரையில தெரியிற படத்தோட வடிவம், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 1280×720, 1920×1080, 3840×2160 மூணும் வேற வேற சைஸ், ஆனா மூணுமே 16:9தான். 1920ஐ 16ஆல வகுத்தா 120, அந்த 120ஐ 9ஆல பெருக்கினா 1080, கணக்கு அவ்வளவுதான். சைஸைக் கூட்டினாலும் குறைச்சாலும் வடிவம் மாறணும்னு அவசியம் இல்ல. ஆனா வடிவத்தை மாத்தணும்னா ஒண்ணு வெட்டணும், இல்ல பட்டை விடணும், இல்ல இழுக்கணும். இதுல எதுன்னு நீங்க முடிவு பண்ணலன்னா சாஃப்ட்வேர் தானா ஒண்ணைப் பண்ணி வச்சிடும்.

அதுல மோசமானது இழுக்கிறது. 4:3ல இருக்கிற பழைய வீடியோவை 16:9 ஃப்ரேமுக்குள்ள அப்படியே இழுத்துப் போட்டா எல்லாமே மூணுல ஒரு பங்கு கூடுதலா அகலமாயிடும், சைக்கிள் சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்துடும், ஒல்லியா இருக்கிறவங்க குண்டாத் தெரிவாங்க. எக்ஸ்போர்ட் விண்டோல அகலத்துக்கும் உயரத்துக்கும் பக்கத்துல ஒரு சங்கிலி ஐகான் இருக்கும் பாருங்க, அதை அவிழ்த்துட்டு கைக்கு வந்த நம்பரைப் போடுறதுதான் படம் இப்படி இழுபடுறதுக்கு முதல் காரணம். அடுத்தது ஸ்கேலிங் ஆப்ஷன். பிரீமியர்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஃபிட், ஃபில், ஸ்ட்ரெச்னு மூணு இருக்கும், ரிசால்வ்ங்கிற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் அளவு பொருந்தாத க்ளிப்பை என்ன செய்யணும்னு கேக்குற செட்டிங் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்லயே இருக்கு. ஃபிட்னா முழுப் படமும் உள்ள வரும், மிச்ச இடத்துல பட்டை விழும். ஃபில்னா பட்டை இருக்காது, ஓரம் வெட்டுப்படும். பேர்ல ஸ்ட்ரெச்னு இருந்தா, ஏன் எடுக்குறோம்னு தெரியாம தொடாதீங்க.

4:3 வீடியோன்னா என்னோட முடிவு எப்பவுமே ஃபிட்தான். 1920×1080க்குள்ள அது 1440×1080ஆ உக்காரும், ரெண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு விழும். அந்தக் கறுப்பைப் பார்த்தா சிலருக்குப் பிடிக்காது, ஃபில் பண்ணிடுவாங்க, அப்போ உயரத்துல நாலுல ஒரு பங்கு போயிடும். 640×480 வீடியோன்னா மிஞ்சுறது 640×360தான், நிக்கிற ஆளோட தலையோ காலோ காணாமப் போகும், அதையே பெருசாக்குறதால இன்னும் மங்கலாவும் இருக்கும்.

டேப்ல இருந்து எடுக்குற வீடியோ பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா அதிகம் பேர் மாட்டுறது இங்கதான், நானும் மாட்டியிருக்கேன். எங்க தாத்தா பேசுற ஒரு பழைய DV (டிஜிட்டல் வீடியோ) டேப், கேம்கார்டர்ல வைட்ஸ்கிரீன்ல, அதாவது 16:9ல எடுத்தது, அதைக் கம்ப்யூட்டருக்கு ஏத்தினேன். ஃபைலைப் பார்த்தா 720×576னு காட்டுது, சரி அதே சைஸ்லயே எக்ஸ்போர்ட் பண்ணுவோம், குவாலிட்டி போகாதுன்னு நினைச்சு பண்ணிட்டேன். வந்த வீடியோல தாத்தா ஒல்லியா உயரமா இருக்கார், அவர் போட்டிருந்த வட்டக் கண்ணாடி நெட்டுக்குத்தா முட்டையாத் தெரியுது. 720ஐ 576ஆல வகுத்துப் பாருங்க, 1.25 வரும். அது 16:9க்கான 1.78ம் இல்ல, 4:3க்கான 1.33ம் இல்ல.

விஷயம் என்னன்னா அந்த ஃபார்மேட்ல பிக்சல் சதுரம் இல்ல. PALங்கிற பழைய வீடியோ முறையில எடுத்த DV டேப்ல 4:3ஆ இருந்தாலும் 16:9ஆ இருந்தாலும் பதியிறது அதே 720×576தான், ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு அகலமாக் காட்டணும்ங்கிறது ஃபைலுக்குள்ள தனிக் குறிப்பா இருக்கும். வைட்ஸ்கிரீன்னா ஒரு பிக்சல் சுமார் 1.42 மடங்கு அகலம், ஓரத்துல இருக்கிற கொஞ்சம் பிக்சலைப் படக்கணக்குல சேர்க்காத சாஃப்ட்வேர் 1.46னு எடுத்துக்கும். நான் எக்ஸ்போர்ட் விண்டோல பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோவை சதுரம்னு விட்டுட்டேன், அந்தக் குறிப்பு போயிடுச்சு. சதுர பிக்சல்தான் வேணும்னா சைஸ் 1024×576னு போட்டிருக்கணும், அதுதான் சரியான 16:9. கேப்சர் பண்ண ஒரிஜினல் ஃபைல் கையில இருந்ததால மறுபடி பண்ண முடிஞ்சுது, கண்ணாடி வட்டமா வந்தப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு. டேப் வேலை பண்றவங்க ஒரிஜினல் கேப்சரை எக்காரணம் கொண்டும் அழிச்சிடாதீங்க.

HDVங்கிற ஹெச்டி டேப்லயும் இதே கதைதான், ஃபைல்ல 1440×1080னு இருக்கும், பிக்சல் 1.33 மடங்கு அகலம், விரிச்சா 1920×1080. அந்த நம்பரை மட்டும் பார்த்து 4:3னு முடிவு பண்ணிடக்கூடாது. இந்த நசுக்கி விரிக்கிற வேலை டேப்ல வந்தது கூட இல்ல, 1953ல சினிமாஸ்கோப் வந்தப்பவே ஃபிலிம்ல பண்ணாங்க, கேமரா லென்ஸ் படத்தைப் பக்கவாட்டுல நசுக்கிப் பதியும், ப்ரொஜெக்டர் லென்ஸ் திரும்ப விரிச்சிடும். இன்னொண்ணு, டேப் வீடியோ பெரும்பாலும் இன்டர்லேஸ்டா இருக்கும், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியா ரெண்டு தடவையாப் பதிஞ்சிருக்கும், அதை டீஇன்டர்லேஸ் பண்ணாம உயரத்தை மாத்தினா ஆள் அசையிற இடத்துல எல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு விழும், அப்புறம் அதை எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அடுத்து பட்டையைப் படத்துக்குள்ளயே சுட்டு வைக்கிறது. சினிமா லுக் வேணும்னு 2.39:1ல எடிட் பண்றாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா எக்ஸ்போர்ட் 1920×1080ல மேல 138 கீழ 138னு கறுப்புக் கோடுகளைப் படத்தோட சேர்த்தே கொடுத்துடறாங்க. 16:9 டிவில பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இப்போ வர்ற ஃபோன் திரை எல்லாம் 16:9ஐ விட நீளம், அதுல போட்டா ஃபோன் தன் பங்குக்கு ரெண்டு பக்கமும் பட்டை விடும், ஆக நாலு பக்கமும் கறுப்பு. அதே படத்தை 1920×804னு எக்ஸ்போர்ட் பண்ணா எந்தத் திரையா இருந்தாலும் தேவையான பட்டையை ப்ளேயரே போட்டுக்கும், ஃபோன்ல திரை கிட்டத்தட்ட முழுசா நிறையும். வாங்குறவங்க கண்டிப்பா 1920×1080தான் வேணும்னு கேட்டா மட்டும் பட்டையோட கொடுங்க, டிவி சேனல், விளம்பர வேலைல அப்படிக் கேக்குறது உண்டு.

ஏன் 804, 803 இல்லையான்னு கேக்கலாம். 1920ஐ 2.39ஆல வகுத்தா 803.3 வரும், ஆனா நாம சாதாரணமா பண்ற எச்264 எக்ஸ்போர்ட்ல நிறத் தகவல் ரெண்டுக்கு ரெண்டு பிக்சலுக்கு ஒரு தடவைதான் சேமிக்கப்படுது, அதனால அகலம் உயரம் ரெண்டும் இரட்டைப்படையா இருக்கணும். எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல 803னு கொடுத்தா உயரம் ரெண்டால வகுபடலன்னு சொல்லி நின்னுடும். 480பி வீடியோவோட அகலம் 853.3 இல்லாம 854ஆ இருக்கிறதுக்கும் காரணம் இந்த இரட்டைப்படைதான்.

4கேன்னு சொல்றதுலயும் ரெண்டு இருக்கு. டிவி, மானிட்டர்ல இருக்கிறது 3840×2160, தியேட்டர் தரத்துல வர்றது 4096×2160, அது 16:9ஐ விடக் கொஞ்சம் அகலம். ப்ரீசெட் லிஸ்ட்ல பெரிய நம்பரா இருக்கேன்னு ரெண்டாவதை எடுத்துட்டா, சாதாரண டிவில மேலயும் கீழயும் மெலிசா ஒரு கறுப்புக் கோடு வரும், அது எங்க இருந்து வருதுன்னு தேடித் தேடி மண்டை காயும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்லயும் இப்படித்தான், லேப்டாப் திரை 1920×1200னா அது 16:10, 16:9 டைம்லைன்ல போட்டா ரெண்டு பக்கமும் 96 பிக்சல் மிச்சம் விழும். ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே திரையை 1920×1080க்கு மாத்திக்கிட்டா அந்தத் தொல்லையே இல்ல.

720பி வீடியோவை 4கே சைஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணா தெளிவு கூடாது, ஃபைல் சைஸ்தான் கூடும். இதுக்கு நேர் எதிரா, கையில இருக்கிற தெளிவையே தெரியாமத் தொலைக்கிற தப்பு ஒண்ணு உண்டு. பிரீமியர்ல ரொம்ப நாளா ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ், செட் டு ஃப்ரேம் சைஸ்னு ரெண்டு ஆப்ஷன் இருந்துது, பார்க்க ரெண்டும் ஒரே வேலை பண்ற மாதிரி இருக்கும். 4கே க்ளிப்பை 1080 டைம்லைன்ல முதல் ஆப்ஷன்ல போட்டா அது 1080 அளவுக்குச் சுருங்கிடும், அப்புறம் ஜூம் பண்ணா மங்கும். ரெண்டாவதுல ஒரிஜினல் பிக்சல் எல்லாம் அப்படியே இருக்கும், ரெண்டு மடங்கு வரைக்கும் தாராளமா ஜூம் பண்ணலாம். படுக்கை வீடியோவை நெட்டு வீடியோவா வெட்டுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், 1920×1080ல இருந்து 9:16 வெட்டினா 608 பிக்சல் அகலம்தான் கிடைக்கும், 4கேல இருந்து வெட்டினா 1215 கிடைக்கும்.

முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் போடுறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் மட்டும் போட்டுப் பாருங்க, அந்தப் பத்து செகண்ட்ல வட்டமான ஏதாவது ஒண்ணு இருக்கணும், கடிகாரமோ தட்டோ சக்கரமோ. அது வட்டமா இருக்கான்னு ஸ்கேல் வச்சே அளக்கலாம். பார்க்கிறது கம்ப்யூட்டர்ல இருக்கட்டும், டிவில ஜூம், ஸ்ட்ரெச்னு ஏதாவது மோட் ஏற்கெனவே ஆன்ல இருந்தா நல்ல ஃபைலும் தப்பாத் தெரியும். கூடவே ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல ஃபைலைத் திறந்து அகலம், உயரம், டிஸ்ப்ளே ஆஸ்பெக்ட் ரேஷியோ மூணையும் படிங்க. அகலத்தை உயரத்தால வகுத்து வர்றதும் அந்த ரேஷியோவும் ஒத்துப் போகலன்னா பிக்சல் சதுரம் இல்லன்னு அர்த்தம்.

ஏற்கெனவே தப்பா எக்ஸ்போர்ட் பண்ணி ஒரிஜினலும் இல்லன்னா, இழுபட்ட படத்தைக் காப்பாத்திடலாம், எதிர்ப்பக்கமா அதே அளவு நசுக்கினா வடிவம் திரும்பி வந்துடும், கொஞ்சம் தெளிவு போகும். சில சமயம் எஃப்எஃப்எம்பெக்ல ஆஸ்பெக்ட் குறிப்பை மட்டும் மாத்தி, வீடியோவை மறுபடி என்கோட் பண்ணாமலே சரி பண்ணிடலாம், எல்லா ப்ளேயரும் அதை மதிக்காது, அதனால ரெண்டு மூணுல ஓட்டிப் பாருங்க. சுட்டு வச்ச பட்டையையும் க்ராப் பண்ணி எடுத்துடலாம். வெட்டுப்பட்ட தலையும் காலும் மட்டும்தான் திரும்ப வராது.