பேச்சு நின்றுபோன வீட்டில், குழந்தைகளோடு: முதல் மூன்று மாதம் செய்ய வேண்டியவை

வீட்டில் அரிசி இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது "பால் வாங்கணும்", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்பதோடு நின்று பல காலம் ஆகிறது. அம்மாவிடம் சொன்னால் "பிள்ளைங்க முகத்தப் பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார். தோழியிடம் சொன்னால் "விட்டுட்டு வாடி" என்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் வாழும், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள பெண்களுக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

தனிமை ஒரு பிரச்சனை, திருமணம் வேறொரு பிரச்சனை. இரண்டும் சேர்ந்து வலிப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. முதலில் உடம்பு, துணை, பணம் ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு, பிறகு திருமணத்தைச் சோதித்துப் பார்த்து, கடைசியில் முடிவெடுங்கள். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பெரும்பாலான பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இரவு 11 மணிச் சண்டையில் ஒரு பையோடு பிறந்த வீட்டுக்குப் போய், ஒரே மாதத்தில் கையில் பணமும் இல்லாமல், பிள்ளைகளின் பள்ளியும் கெட்டு, முன்பைவிடப் பலவீனமாகத் திரும்பி வருகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி

அவர் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ பயம் வருகிறதா? அடி, கழுத்தைப் பிடிப்பது, வேண்டாம் என்றாலும் படுக்கையில் வற்புறுத்துவது, பூட்டி வைப்பது, செலவுக்குப் பணமே தராமல் இருப்பது ஆகியவற்றில் எது நடந்தாலும் கீழே சொல்லும் "உட்கார்ந்து பேசும்" வழி உங்களுக்கு இல்லை. கழுத்தை நெரிப்பது மிகவும் ஆபத்தான அறிகுறி. அடுத்த முறைக்காகக் காத்திருக்கக் கூடாது.

உடனடி ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் யார் அடித்தது என்பதைச் சொல்லி, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பிறகு நீதிமன்றத்தில் அதே காகிதம் உங்களுக்கு எதிராக நிற்கும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிக்கு மட்டுமானது அல்ல. சொல்லால் வதைப்பது, பணத்தை முடக்குவது ஆகியவையும் அதில் வரும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இது விவாகரத்து வழக்கு அல்ல. அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவும், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்ற உத்தரவும், செலவுக்குப் பணமும் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உடம்பும் மனமும்

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கம் கெட்டு, பசி மாறி, எதிலும் ஆர்வம் இல்லாமல், பிள்ளைகள் கூப்பிட்டாலே எரிச்சல் வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு இருக்கும்போது கணவர் செய்யும் சின்னத் தவறும் மலையாகத் தெரியும். உண்மையிலேயே மலையாக இருப்பதை எதிர்க்கவும் தெம்பிருக்காது. எனவே முதலில் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு நாளில் பலன் இல்லை என்று விடுவதும், நன்றாக இருக்கிறது என்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் பலர் செய்யும் தவறு. போக முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணமோ, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணமோ ஒரு கணம் வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் அப்போதே அழையுங்கள். கூட ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

துணை: ஒரே ஒருவர் போதும்

உடனே பத்துத் தோழிகள் தேவையில்லை. இந்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்குக் கொண்டு போகாத ஒருவர் வேண்டும். நாத்தனாரும், இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான சித்தியும் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் இதற்குச் சரிப்பட மாட்டார்கள். பள்ளித் தோழி, பழைய வேலையிடத்து அக்கா, பக்கத்துத் தெருவில் உள்ள ஒருவர் என்று யோசியுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்து அவரோடு பேசுங்கள். "எப்பவாவது பேசலாம்" என்று விட்டால் அது நடக்காது. பேச்சு முழுக்கக் கணவரைப் பற்றியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி நேரமாவது வேறு எதையாவது பேசுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் அவரும் களைத்துப்போவார்.

மகளிர் சுய உதவிக் குழுவைக் கடன் வாங்கும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். 12 முதல் 20 பெண்கள் தவறாமல் கூடும் இடம் அது. "குரூப் மீட்டிங்" என்று சொல்லி வெளியே போவதைப் பல வீடுகளில் பெரிதாகத் தடுப்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் கண்டுகொள்ளாத ஒருத்தியிடம் போனில் ஒருவர் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டால் மனம் அந்தப் பக்கம் சாயும். அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. ஆனால் படம், வீடியோ எதையும் அனுப்பாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு வெளியே உள்ள உறவு 2018 முதல் இந்தியாவில் குற்றம் அல்ல. என்றாலும் விவாகரத்துக்கு அது காரணமாகும், தொடர்ந்த உறவு நிரூபிக்கப்பட்டால் ஜீவனாம்சமும் போகலாம். வீட்டில் உள்ள சிக்கல் தீராமல் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிடும்.

பணமும் காகிதமும்

இருப்பதா போவதா என்று எந்த முடிவு எடுத்தாலும் இது தேவைப்படும். ஒரு மாதம் முழுக்க வீட்டுச் செலவை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: வாடகை, மளிகை, கேஸ், மின்கட்டணம், பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு, டியூஷன், மருந்து. கடைசியில் வரும் தொகைதான் நீங்களும் பிள்ளைகளும் ஒரு மாதம் வாழத் தேவையான தொகை. இந்த எண் தெரியாமல் ஜீவனாம்சம் கேட்கப் போகும் பெண் எப்போதும் குறைத்துத்தான் கேட்கிறாள்.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஜாயின்ட் அக்கவுண்ட் உள்ள கிளையில் வேண்டாம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். கணக்கோடு இணைக்கும் செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். கணவரின் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போகும். வாட்ஸப்பில் "லிங்க்ட் டிவைசஸ்" பகுதியைத் திறந்து, உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியிலாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நகைதான் பெரும்பாலான பெண்களின் ஒரே சொத்து. தாய்வீட்டுச் சீராக வந்தது, பரிசாக வந்தது எல்லாம் சீதனம். அது உங்களுக்கு மட்டுமே உரியது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பவுன், யார் போட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதி, படம் எடுத்து வையுங்கள். கடை ரசீது இல்லையென்றால் நகை தெரிகிற கல்யாண ஆல்பப் படம் உதவும். அடகில் இருந்தால் ரசீது யார் பெயரில் என்று பாருங்கள்; அவர் பெயரில் இருந்தால் மீட்கும்போது நகை அவர் கைக்குத்தான் போகும். படிக்காமல் எந்தக் கடன் பத்திரத்திலும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ் (இல்லையென்றால் பத்திரிகையும் தாலி கட்டும் படமும்), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை, உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், இன்சூரன்ஸ் பத்திரம், கணவரின் சம்பளச் சீட்டு கிடைத்தால் அது, எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் செட் எடுத்து வீட்டுக்கு வெளியே, நம்பும் ஒருவரிடம் வையுங்கள்.

திருமணத்தைச் சோதிப்பது

நான்கைந்து வாரத்தில் தூக்கம் கொஞ்சம் சரியாகி, வாரம் ஒருமுறை பேச ஆளும் கிடைத்த பிறகு கணவரிடம் பேசுங்கள். சாப்பாட்டு நேரமும் படுக்கப் போகும் நேரமும் வேண்டாம். அவர் குடித்திருக்கும் நாள் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் விளையாடப் போயிருக்கும் சனி, ஞாயிறு மாலை நல்லது. 20 நிமிடம், ஒரே விஷயம்.

"நீங்க எப்பப் பாத்தாலும் என்னைக் கண்டுக்கறதே இல்ல" என்றால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். "ராத்திரி ஒம்பதரைக்கு மேல போனை வச்சிட்டு பத்து நிமிஷம் எங்கூட உக்காருங்க, இந்த ரெண்டு வாரம் செஞ்சு பாப்போம்" என்பது செய்யக்கூடிய வேலை. செய்தாரா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். மாமியார் சொன்னது, சீர் விஷயம், பத்து வருடத்துக்கு முந்தைய சண்டை எதையும் இதில் சேர்க்காதீர்கள். "நான் போயிடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். இரண்டாம் முறைக்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனால் துரத்திப் போகாமல், "நாளைக்குச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டு மறுநாள் நீங்களே ஒருமுறை கேளுங்கள். அவரிடமும் கேளுங்கள்: "எங்கிட்ட உங்களுக்கு என்ன வேணும், ஒண்ணு மட்டும் சொல்லுங்க." அதைச் செய்து காட்டுங்கள். கடன் தொல்லையிலோ வேலைப் பயத்திலோ வாயை மூடிக்கொண்ட ஆண்கள் பலர் இந்தக் கேள்விக்குத்தான் முதல்முறையாகப் பேசுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று, நான்கு வேண்டுகோள்கள். அவர் முழுதாகச் செய்தாரா என்பதைவிட முயன்றாரா என்று பாருங்கள். மறந்துபோய் மறுநாள் தானாக வந்து உட்கார்ந்தால் அது முயற்சி. ஒவ்வொன்றையும் கேலி செய்தால் அதுவும் ஒரு பதில்தான். குடிதான் மூலகாரணம் என்றால் பேச்சு மட்டும் வேலை செய்யாது. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவும் வைக்காதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளைகள்

வீட்டில் பேச்சில்லை என்பது பிள்ளைகளுக்கு நீங்கள் நினைப்பதற்கு முன்பே தெரியும். சின்னப் பிள்ளைகள் அது தங்களால்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எனவே ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு பிரச்சனை. அது உன்னால வரல. அத நாங்க பாத்துக்குவோம்." இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

"அப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். 13, 14 வயது மகளிடம் மனதைக் கொட்டுவதுதான் நல்ல அம்மாக்களும் செய்யும் தவறு. அவள் கேட்பாள், ஆறுதலும் சொல்வாள், பிறகு படிக்க முடியாமல் தவிப்பாள். "நீ யார் கூட இருப்பே?" என்ற கேள்வி விளையாட்டுக்கும் வேண்டாம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, திடீர் மதிப்பெண் சரிவு ஆகியவை தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் "வீட்டில் கொஞ்சம் சிரமம்" என்று மட்டும் சொல்லிவையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பிரியத்தான் வேண்டும் என்றாலும், ஆபத்து இல்லாதவரை, கல்வியாண்டு முடியும்வரை காத்திருந்து ஏப்ரல், மே மாதத்தில் இடம் மாறுங்கள். டி.சி. வாங்குவதும் புதுப் பள்ளியில் சேர்ப்பதும் அப்போது எளிது.

முடிவும் சட்டமும்

மூன்றாம் மாத முடிவில், சண்டை இல்லாத ஒரு பகலில் எழுதிப் பாருங்கள். அவர் இனி மாறவே மாட்டார் என்றால் இன்னும் ஐந்து வருடம் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்? இருப்பதென்றால் வேலை, சொந்தப் பணம், துணை ஆகிய மூன்றையும் விடாமல் வளர்த்துக்கொண்டு இருங்கள்.

போவதென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். விவாகரத்து கேட்காமலே ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு. எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். இந்துத் திருமணச் சட்டப்படி இருவரும் ஒப்பும் விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. அதை நீதிமன்றம் குறைக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம். அதற்கு மேல் குழந்தையின் நலனைத்தான் நீதிபதி பார்ப்பார்.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்து, முத்திரைத்தாளில் "விடுதலைப் பத்திரம்" எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. சில சமூகங்களில் பழைய வழக்கமாக இருந்து அதை நிரூபித்தால் தவிர, அது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தவர்கள் சிக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தத் தாளிலேயே "நகையும் ஜீவனாம்சமும் வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கும். அப்படி எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாமல் நகல் கேட்டு வாங்கி, இலவச வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.